வளைஞ்ச கோடு

எடி மலர், கேட்டியே? எங்கட மேட்டுக்காணியை அளக்க வந்த சேவையர் பழைய காணிப் படத்தைப் பாத்துப்போட்டு, "அம்மா, கோடு ஏன் இதில வளையுது?" எண்டு கேட்டவர். எனக்குச் சிரிப்பை அடக்கேலாமப் போச்சு. காதில புதுத் தோடோ? வடிவாயிருக்கு.

அவர் முளை அடிச்ச டொக் டொக் சத்தத்தோட எனக்கு ஏழு வயசாப் போச்சு. அப்ப இந்த மேடு தண்ணியில்லாத முள்ளுக்காடு. படம் கீற வந்தவை எல்லை முளையளில சிவப்புத் துணி கட்டியிருந்தவை. என்ர பாவைப்பிள்ளைக்குச் சட்டை வேணுமெண்டு ஒரு முளையைப் பிடுங்கி, துணியை அவிழ்த்தன். பிறகு பயத்தில முளையைப் பத்தடி தள்ளி, உன்ர அப்பப்பா, அதுதான் என்ர பெரியப்பா, அவற்ற பக்கம் குத்திப்போட்டன்.

விடியப் பெரியப்பா கண்டார். "காணியைக் களவெடுக்கிறியோடா?" எண்டு அப்பாவுக்கு மேல கத்தியோட பாய்ஞ்சார். அப்பா கையால தடுக்க, ரெண்டு விரல் மண்ணில விழுந்து துடிச்சுது. அப்பாவும் விடேல்லை. மண்வெட்டிப் பிடியால அவற்ற பல்லை உடைச்சார். நான் முள்ளுப் பத்தைக்குள்ள பாவைப்பிள்ளையைக் கட்டிப்பிடிச்சபடி. ரத்தம் காயமுன்னம் அந்தக்காலச் சேவையர் வந்து, முளை நிண்ட இடத்தையே படத்தில கீறினார். அண்ணனும் தம்பியும் சாகுமட்டும் முகம் பாக்கேல்லை.

எழுத்தே தெரியாத நான் கீறின கோடடி அது! பின்னேரம் சேவையர் திரும்ப வருவார், நீயும் வா. உனக்கு முன்னால அவரிட்டச் சொல்லுறன், அந்தப் பத்தடிக்குள்ள வாற எங்கட கிணத்தடி உன்ர பங்கெண்டு... ஐயோ, என்ர ஆடு உன்ர வெண்டிக்குள்ள பூந்திட்டுது, பொறு, கலைச்சுப்போட்டு வாறன்!