பெயின்ற் அடிக்காத வீடு

டார்னெய்ட்டில் புது வீடுகள் முடிகிற கடைசித் தெருவில் இருக்கிறது யோகராணியின் வீடு. எதிரே வெறும் புல்வெளி. புருசன் போய்ச் சேர்ந்த பிறகு அந்த வீட்டைக் கலகலப்பாக வைத்திருந்தது பிள்ளைகள்தான், அதுவும் ஊரார் பிள்ளைகள். இந்த நாட்டில் வந்து குடியேறிய மன்னார்ச் சனம் மாதா சுரூபத்தை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் செபமாலை சொல்லும். யோகராணியின் முறை வந்தால் பிள்ளைகள் செபம் முடியும்வரை பொறுப்பதில்லை; குசினிக்குள் புகுந்து பயற்றம் பணியாரத்தில் கைவைத்துவிடுவார்கள். "அன்ரி, அன்ரி" என்று காது கிழியும். அதைக் கேட்கத்தான் இவள் செபமே வைக்கிறாள் என்று கேலி செய்பவர்கள் உண்டு. அது பொய்யில்லை.

அவளுடைய தம்பி கொட்பிறி தூரத்துப் பட்டணமொன்றில் வேலை செய்தவன். இங்கே அவனை யாருக்கும் தெரியாது. ஒரு சிறுமியிடம் தப்பாக நடந்து, வருசக்கணக்கில் மறியலில் கம்பி எண்ணிவிட்டு இப்போது வெளியே வந்தான். பிள்ளைகள் புழங்கும் இடத்துக்குப் பக்கத்தில் அவன் குடியிருக்கக்கூடாது என்பது கோர்ட்டின் கட்டளை. பக்கத்து ஊரான வெரிபீயில் வாடகைக்குப் பார்த்த அறைக்குப் பின்னால் பள்ளிக்கூடம். இன்னொன்றுக்கு அருகே விளையாட்டுத் திடல். மிஞ்சியது அக்காவின் வீடு.

வீட்டைப் பார்க்க வந்த கோர்ட் அதிகாரி புல்வெளியைக் கண்டு திருப்திப்பட்டாள். பிறகு, பிள்ளைகள் யாரும் இந்த வீட்டுக்குள் கால் வைக்கக்கூடாது என்றாள். தம்பியின் முகத்தில் இனி முழிப்பதில்லை என்று சத்தியம் பண்ணியவள்தான் யோகராணி. ஆனாலும் அவனைத் தெருவில் விட மனம் வரவில்லை. தலையாட்டினாள்.

தம்பி வந்து சேர்ந்த கிழமையே செபக்கூட்டத்தை நடத்தும் நிஷானி அவளுக்குப் போன் எடுத்தாள். "அன்ரி, வாற சனி மாதா உங்கட வீட்டை வாறா."

"இந்த முறை வேண்டாம் பிள்ளை. வீட்டுக்குப் பெயின்ற் அடிக்கிறன்."

நம்முடைய சனத்திடம் போய்ச் சொல்லக்கூடிய பொய்யா இது? தனிக்கட்டை மனுசி பெயின்ற் அடிக்கிறாள் என்று கேட்டுவிட்டு யார் சும்மா இருப்பார்கள்? சனிக்கிழமை காலையில் நிஷானியின் புருசன் இந்திரகுமார் ரோலரும் வாளியுமாக வந்து நின்றான். கூடவே மகள் வினுஷா, அப்பாவின் பழைய சேர்ட்டைப் போட்டுக்கொண்டு, கையில் சின்ன பிரஷ்ஷோடு.

உள்ளே கொட்பிறி அறைக்கதவைச் சாத்துவது கேட்டது. யோகராணி வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"அன்ரி, எந்த அறையில தொடங்குவம்?"

"ஒண்டும் வேண்டாம் குமார். நீங்கள் போங்கோ."

"உதென்ன கதை? தனிய எப்பிடி அடிப்பியள்?"

"வேண்டாம் எண்டுறன் எல்லே."

இந்திரகுமாரின் முகம் செத்துப்போனது. உண்மையைச் சொல்ல அவளுக்கு நாக்கு உன்னியது. சொன்னால் நாளைக்கே ஊர் திரண்டு வரும், தம்பிக்கு இந்த வீடும் இல்லாமல் போகும். அதற்குள் வினுஷா, வழக்கம்போல, அவள் கைக்குக் கீழே நுழைந்து குசினிக்கு ஓடப் பார்த்தாள். யோகராணி தோளைப் பிடித்து வெளியே தள்ளினாள். கொஞ்சம் பலமாகவே தள்ளிவிட்டாள். பிரஷ் கீழே விழுந்தது.

பிள்ளை அழவில்லை. நிமிர்ந்து பார்த்தது.

"அன்ரிக்கு என்னோட கோவமோ?"

இல்லையடி செல்லம் என்று அவள் நெஞ்சு பதறியது. ஆனால் இல்லை என்று சொன்னால் இவள் நாளைக்கும் ஓடி வருவாள்.

"ஓம்," என்றாள். "இனி இஞ்ச வராதை."

அவர்களுடைய கார் தெருமுனை திரும்பும்வரை நின்றாள். பிறகு பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு உள்ளே வந்து கதவைப் பூட்டினாள்.

"ஆரக்கா வந்தது?" என்று அறைக்குள்ளிருந்து கேட்டான் கொட்பிறி.

"இனி ஒருத்தரும் வரமாட்டினம்," என்றாள்.