நாலு இட்லிப் பொய்

கூமாப்பட்டிப் பட்டாளத்துக்காரரே, நீங்கள் பொய் சொன்னீர்கள். ஆஸ்பத்திரியில் சொன்னீர்கள், என் அக்காவிடம் சொன்னீர்கள், என்னிடமும் சொன்னீர்கள்.

எனக்கே போன வாரம்தான் தெரிந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் என் அக்காவுக்குக் கணையத்தில் கட்டி. அபூர்வமான புற்றுநோய் — “புத்தகத்தில் படித்ததோடு சரி” என்றார் எங்கள் ராஜபாளையத்து டாக்டர். மூன்று வருடம் முன்பு சென்னைக்குக் கூட்டிப் போனேன். வியாழக்கிழமை ஆபரேஷன். அதற்கு முன் ஒரு ஸ்கேன். ஊசியில் ஏற்றும் கதிரியக்க மருந்தைக் கட்டி உறிஞ்சிக்கொள்ளும்; நோய் வேறெங்கே பரவியிருந்தாலும் படத்தில் புள்ளியாகத் தெரிந்துவிடும். அதைப் பார்க்காமல் கத்தி வைக்கமாட்டேன் என்றார் சர்ஜன்.

அந்த மருந்து வாரம் ஒரு முறை பம்பாயிலிருந்து விமானத்தில் வரும். ஆளுக்கு அளந்துதான் வரும்; ஒருவருக்குப் போட முடியாமல் போனால்தான் இன்னொருவருக்குக் கிடைக்கும். வைத்திருந்தால் வீரியம் போய்விடும். அக்கா பெயரை எவனோ அடுத்த வாரப் பட்டியலில் எழுதிவிட்டான். வியாழக்கிழமையை விட்டால் ஆபரேஷனுக்கு இன்னும் ஒன்றரை மாதம்!

நான் சும்மா இருப்பேனா? ஸ்கேன் கவுண்ட்டரில் நின்று கத்தினேன்.

“எங்க அக்காவைக் கொன்னுட்டுத்தான் விடுவியளா?”

“ஏலே, கத்தாதலே. செத்த நேரம் சும்மா இரு” என்றாள் அக்கா. முந்தின நாள் ராத்திரியிலிருந்து பட்டினி அவள்.

அதே மருந்துக்காகப் பக்கத்து பெஞ்சில் காத்திருந்தீர்கள் நீங்கள்.

“தம்பிக்கு எந்த ஊரு?”

“ராஜபாளையம்.”

“அதானே பார்த்தேன்... நம்ம பக்கத்துச் சத்தம்லா இது! நான் கூமாப்பட்டி. மிலிட்டரில இருந்தேன்.”

எழுந்து கவுண்ட்டருக்குப் போனீர்கள். “சார், நான் காலைல நாலு இட்லி தின்னுட்டேன். என் மருந்தை இந்தம்மாவுக்குக் குடுங்க.”

“வெறும் வயித்துல வரணும்னு எத்தனை தடவை சொன்னோம்?” டெக்னீஷியன் எல்லார் முன்னாலும் உங்களைக் கிழித்துத் தொங்கவிட்டார். தலையைக் குனிந்துகொண்டு நின்றீர்கள்.

நான் நன்றி சொன்னேனா? “சரியான சாப்பாட்டு ராமன்” என்று அக்கா காதில் முணுமுணுத்தேன்.

ஸ்கேனில் ஈரலில் ஒரு புள்ளி. வேறு எந்தப் படத்திலும் அகப்படாத புள்ளி. வியாழக்கிழமை கட்டியோடு அதையும் வெட்டி எடுத்தார்கள். பிறகு வருடா வருடம் அதே ஸ்கேன். போன வாரமும் எடுத்தோம் — ஒரு புள்ளிகூட இல்லை!

அந்தச் சந்தோஷத்தில், அங்கே பெருக்கும் அம்மாவிடம் இட்லிக் கதையைச் சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

“இட்லியா? அன்னிக்கு அவ்ளோ திட்டு வாங்கினாரே, அவர்தானே? உங்கக்காவை உள்ள இட்டுக்கினு போனப்புறம் என்னாண்ட வந்து, ‘காத்தாலேர்ந்து பட்டினிம்மா, கேன்டீன் எங்கே’ன்னு கேட்டாரு நைனா.”

நாலு பேர் பார்க்க நல்லது செய்கிறவர்களை எனக்கு நிறையத் தெரியும். நாலு பேர் முன்னால் திட்டு வாங்கிக்கொண்டு செய்கிறவரை எப்படி அடையாளம் தெரியும்?

ஞாயிற்றுக்கிழமை கூமாப்பட்டிக்குப் போனேன். “தெருவுக்கு நாலு பட்டாளத்துக்காரவிய இருக்காவ. பேரைச் சொல்லுங்க” என்றார் டீக்கடைக்காரர்.

பேரா? நான் கேட்கவே இல்லையே...

என் அக்கா உயிரோடு இருக்கிறாள் ஐயா. அடுத்த வாரம் உங்களுக்கு எடுத்த ஸ்கேனில் என்ன வந்தது? பெயர் போட்டு, இதே பத்திரிகையில், ஊரே படிக்கும்படி பதில் எழுதுங்கள்.