முன்னால் இருந்த கல்

கப்பலுக்குப் பதிவு தொடங்குவது பதினொரு மணிக்கு. காரைக்கால் துறைமுக வாசலில் மேகலா வந்து இறங்கியபோது மணி ஆறே முக்கால்.

காவலுக்கு இருந்த தங்கையன் அப்போதுதான் முகம் கழுவிவிட்டுத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். பாபநாசத்திலிருந்து வந்த வாடகைக் கார், அதிலிருந்து பையோடு இறங்கிய ஐம்பது வயதுப் பெண், பின் சீட்டில் வாயைத் திறந்தபடி தூங்கும் வயதான அம்மாள் என்று எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"என்னம்மா, கப்பலைக் கழுவி விட வந்தீங்களா?"

"பயணம் போறவங்கதாங்க. வரிசை எங்க ஆரம்பிக்கும்?"

"வரிசையா? ஆளே இல்லையே!"

"ஆள் இல்லாதப்பவே கேட்டு வச்சுக்கிட்டாத்தான் உண்டு."

தங்கையன் சிரித்துக்கொண்டே கையைக் காட்டினார். சிமெண்டுத் தளத்தின் நடுவே ஒரு ஷாமியானா. அதன் கீழே கயிறு கட்டிப் பிரித்த இரண்டு பாதைகள். ஒன்றின் முகப்பில் 'மூத்த குடிமக்களும் உடன் வருவோரும் – முன்னுரிமை' என்று பலகை. அதற்கும் அப்பால் கப்பல் வெள்ளையாக நின்றது. நாலைந்து மாடி உயரம். எல்லாச் சன்னலிலும் திரை. உள்ளே எங்கோ ஓர் இயந்திரம் ஒரே சுரத்தில் ரீங்கரித்துக்கொண்டிருந்தது. துறைமுகத்தில் ஒரு காக்கைகூட இல்லை.

மேகலா பையைத் திறந்து, செய்தித்தாளில் சுற்றிய அரைச் செங்கல்லை எடுத்தாள். முன்னுரிமைப் பாதையின் முகப்பில் குனிந்து வைத்தாள்.

"ஊர்லேர்ந்து செங்கல் கொண்டு வந்தீங்களா?" என்றார் தங்கையன்.

"இங்க கிடைக்குதோ என்னமோ."

பாபநாசத்தில் மேகலாவைத் தெரியாதவர்கள் குறைவு. வரிசையில் நிற்பதுதான் அவள் பிழைப்பு. ஒன்பது வயதில் மண்ணெண்ணெய்க்கு நிற்கப் பழகியவள். திருப்பூருக்கு வேலைக்குப் போன புருஷன் அங்கேயே வேறு குடும்பமாகிவிட, கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அக்கம்பக்கத்தாருக்காக ரேஷன் கடையில் நின்றாள். பிறகு ஆஸ்பத்திரிச் சீட்டு, ஆதார் திருத்தம், பள்ளிக்கூட விண்ணப்பம், கொள்முதல் நிலையத்தில் நெல்லுக்கு டோக்கன். ஊரில் யாருக்கு எங்கே கால் கடுக்க வேண்டியிருந்தாலும் மேகலாவின் கால்தான் கடுத்தது. மகளைக் கட்டிக்கொடுத்தது அந்தக் காசில்தான்.

வண்டல் பூமியில் கல் கிடைப்பது அபூர்வம். அதனால் அங்கே வரிசையில் இடம் பிடிக்கச் செங்கல் துண்டு, செருப்பு, மூடி போன டப்பா என்று எதையாவது வைப்பார்கள். எதை வைத்தாலும் பெயர் கல்தான். கல் இருந்தால் ஆள் இருப்பதாகக் கணக்கு. வரிசை நகர்ந்தால் பின்னால் நிற்பவர் அதைக் காலால் மெல்ல முன்னே தள்ளிவிட வேண்டும். ஆள் டீ குடிக்கப் போயிருக்கலாம், பிள்ளைக்குப் பால் கொடுக்கப் போயிருக்கலாம். கல்லைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மொத்த வரிசையும் திரும்பி ஏசும்.

ஐந்து வருஷமாக மேகலாவிடம் ஒரு பழக்கம் முற்றிவிட்டது. எட்டு மணிக்குத் திறக்கும் இடத்துக்கு ஐந்து மணிக்கே போய்விடுவாள். ஊர் இதைச் சுறுசுறுப்பு என்றது. காரணம் அதுவல்ல. முதல் ஆளாகப் போய்விட்டால், முன்னால் எந்தக் கல்லும் இருக்காது.

அன்றைக்குத் தன் ஆயுளில் முதல்முறையாகத் தன் பெயருக்கே வரிசையில் நின்றாள். காரில் தூங்கிய ஆனந்தம் மாமி, மேகலா வரிசையில் நின்று கொடுக்கும் வாடிக்கை வீட்டுக்காரி; ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். மாமியின் மகன் ஹரிஹரசுப்ரமணியன் அமெரிக்காவிலிருந்து இரண்டு டிக்கெட் போட்டிருந்தான். மூன்று நாள், திருகோணமலை போய்த் திரும்பும் பயணம். "கொரோனாவில அம்மா பிழைச்சது உங்களாலதான் மேகலாக்கா. நீங்களும் போயிட்டு வாங்க" என்றான். அவள் இரண்டு தடவை மறுத்துப் பார்த்தாள். மூன்றாவது தடவை மாமியே வந்து, "நீ வரலேன்னா நானும் போகலை" என்று உட்கார்ந்துவிட்டாள்.

மேகலா வாசலுக்கு வெளியே போய் ஒரு டீ குடித்தாள். பத்து நிமிஷம் ஆகியிருக்கும். திரும்பி வந்தாள்.

அவள் செங்கல்லுக்கு முன்னால் இன்னொரு கல் இருந்தது.

கருங்கல். அம்மிக் குழவி ஒன்றின் உடைந்த பாதி. தேய்ந்த பக்கம் மேலே, உடைந்த பக்கம் தரையில். கல்லின் சின்னச் சின்னக் குழிகளில் மஞ்சள் ஒட்டியிருந்தது. இப்போதுதான் கழுவி வைத்ததுபோல அடியில் ஈரம் கசிந்துகொண்டிருந்தது.

மேகலாவின் நாக்கில் டீயின் இனிப்பு அப்படியே நின்றது.

"அண்ணே! இங்க யாரு வந்தா?"

தங்கையன் நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை. "யாரும் வரலியே."

"இந்தக் குழவிக் கல்லு?"

"நீங்கதானம்மா வச்சீங்க."

"நான் செங்கல்தானே வச்சேன்!"

"என்னம்மா வெளையாடுறீங்க? நான் பாத்துக்கிட்டேதானே இருந்தேன். ரெண்டு தடவ குனிஞ்சீங்க. ஒண்ண வச்சீங்க, அப்புறம் முன்னாடி போயி இன்னொண்ண வச்சீங்க."

மேகலா தன் பையைப் பார்த்தாள். செய்தித்தாள் ஒரு தாள்தான் இருந்தது. உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தாள். செங்கல் பொடி சிவப்பாக ஒட்டியிருந்தது. மஞ்சள் இல்லை.

அவள் அந்தக் கல்லை முன்பே பார்த்திருக்கிறாள்.

ஐந்து வருஷத்துக்கு முந்தைய வைகாசி. ஆனந்தம் மாமி மூச்சுக்கு வாயைப் பிளந்துகொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். தஞ்சாவூரில் ஒரு மருந்துக் கிடங்கு வாசலில் ஊசி மருந்துக்கு வரிசை. காலை பத்து மணிக்கு ஒருவன் வந்து எண்ணிவிட்டுச் சொன்னான்: "இன்னிக்கு முப்பது பேருக்குத்தான். மத்தவங்க நாளைக்கு வாங்க." மேகலா எண்ணிப் பார்த்தாள். அவள் முப்பத்தொன்று. முப்பதாவது இடத்தில் ஆள் இல்லை. அரைக் குழவி ஒன்று இருந்தது. அவசரத்தில் வீட்டில் கைக்குக் கிடைத்ததைத் தூக்கி வந்த யாரோ.

போனில் ஹரிஹரசுப்ரமணியன் அழுதான். "எப்படியாவது வாங்கிடுங்க அக்கா." எல்லாரும் நிழலுக்கு ஒதுங்கியிருந்தார்கள். மேகலா குனிந்தாள். தன் செங்கல்லை எடுத்துக் குழவிக்கு முன்னால் வைத்தாள். அவ்வளவுதான். அரை நிமிஷ வேலை.

குழவியின் சொந்தக்காரி ஓடி வந்தாள். வாயையும் மூக்கையும் மூடிய முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது. வயதுகூடக் கணிக்க முடியவில்லை. அவள் செங்கல்லைப் பார்த்தாள், மேகலாவைப் பார்த்தாள், பின்னால் போய் நின்றாள். மேகலா மருந்தை வாங்கியதும் ஷட்டர் இறங்கியது. நடந்துகொண்டே இருந்த மேகலாவின் காதில் விழுந்தது ஒரே ஒரு வரி. அந்தப் பெண் சத்தம் போடவில்லை. மூடிய ஷட்டரிடம் தகவல் சொல்வதுபோலச் சொன்னாள்.

"என் கல்லு முன்னாடி இருந்துச்சு."

மாமி பிழைத்தாள். யாருக்காக வந்தவள் அவள், அந்த ஆள் என்ன ஆனார் என்பதை மேகலா விசாரிக்கவில்லை. விசாரித்தால் பதில் கிடைத்துவிடுமே என்று பயம்.

எட்டரைக்கு மாமி தூக்கம் கலைந்து, காலை இழுத்து இழுத்து நடந்து வந்தாள். "காப்பி வாங்கித் தரேன்னு சொல்லிட்டு இங்க நின்னு கல்லைப் பாத்துண்டிருக்கியே. கப்பலைப் பாருடி. நம்ம தேரைவிடப் பெரிசு."

மேகலா அசையவில்லை. வெயில் ஏறியது. செங்கல்லைச் சுற்றித் தளம் காய்ந்து வெளுத்தது. குழவியின் அடியில் மட்டும் ஈரம் அப்படியே இருந்தது.

பத்து மணிக்குமேல் வேன்கள் வந்தன. குடவாசலிலிருந்து ஒரு குடும்பம், திருத்துறைப்பூண்டியிலிருந்து ஒரு கூட்டம், சக்கரப் பெட்டிகள், தொப்பி போட்ட பெரியவர்கள், செல்பி. பின்னாலிருந்து ஒருவர் கயிற்றைத் தூக்கிக்கொண்டு முன்னால் நுழையப் பார்த்தார்.

"அண்ணே, அங்க ஆள் இருக்கு."

"எங்கம்மா இருக்கு?"

"கல் இருக்குல்ல?"

"கப்பலுக்குமா கல்லு!" என்று அவர் சிரித்தார். அவருடன் வந்தவர்களும் சிரித்தார்கள். ஆனால் பின்னால் போய் நின்றார். டெல்டாக்காரர்தானே.

மாமி சிரிக்கவில்லை. முப்பத்திரண்டு வருஷம் வகுப்பில் பிள்ளைகள் முகத்தைப் படித்தவள். குரலைத் தணித்தாள். "யாரோட கல்லு அது? உண்மையைச் சொல்லு."

மேகலா சொன்னாள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு, கப்பலைப் பார்த்தபடி, எண்ணி ஏழெட்டு வாக்கியத்தில் எல்லாவற்றையும் சொன்னாள். முப்பது, முப்பத்தொன்று, குழவி, ஷட்டர். இந்தப் பயணமே அந்த அரை நிமிஷத்துக்குக் கிடைத்த பரிசு என்பதையும் சொன்னாள்.

மாமி கழுத்துச் சங்கிலியைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

"அப்போ நான் செத்திருக்கணும்கறியா?"

"ஐயோ, இல்ல மாமி."

"பின்னே?"

"யாருக்குன்னாவது நான் கேட்டிருக்கணும். ஒரு வார்த்தை. அதைக்கூடக் கேக்கல."

மாமி குனிந்து அந்தக் கல்லைப் பார்த்தாள். தொடவில்லை. "என்கிட்ட அஞ்சு வருஷமா சொல்லலையேடி" என்றாள். கோபமா, அழுகையா என்று தெரியாத குரல். அப்புறம் நிமிர்ந்தாள். "சரி. அவாளே முதல்ல போகட்டும்."

பதினொரு மணிக்கு மேசை திறந்தது. கணினிக்குப் பின்னால் ஷமீரா என்று பெயர்ப்பட்டை குத்திய இளம்பெண் உட்கார்ந்தாள். "சீனியர் சிட்டிசன் எல்லாரும் முதல்ல வாங்க!"

மேகலா காலால் குழவியை மெல்லத் தள்ளினாள். சிமெண்டில் அது கர்ரென்று நகர்ந்தது. ஓரடி. இன்னும் ஓரடி. பின்னால் சலசலப்பு எழுந்தது. "என்னம்மா பண்றீங்க, நேரா போங்கம்மா!" அவள் திரும்பவில்லை. மேசைக்கு முன்னால் மஞ்சள் கோடு போட்டிருந்தார்கள். கல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளினாள். அவள் இந்தப் பக்கம் நின்றாள்.

"உங்க முறைங்க" என்றாள், காலி இடத்தைப் பார்த்து. தன் குரலே தனக்கு அந்நியமாகக் கேட்டது.

அந்த நேரம் பார்த்து மாமியின் கைப்பை நழுவி விழுந்தது. பாஸ்போர்ட், மாத்திரைப் பட்டை, மூக்குக் கண்ணாடி எல்லாம் சிதறின. மேகலா உட்கார்ந்து பொறுக்கினாள். மாத்திரை ஒன்று கயிற்றுக்கு அடியில் உருண்டது. அரை நிமிஷம் இருக்கும். எழுந்தாள்.

"அடுத்தவங்க வாங்க" என்றாள் ஷமீரா.

மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் கல் இல்லை. அது இருந்த இடத்தில் உள்ளங்கை அளவு ஈர வட்டம், ஓரத்திலிருந்து காய்ந்து சுருங்கிக்கொண்டிருந்தது.

"அடுத்தவங்களா?" என்றாள் மேகலா.

"ஆமாம்மா. உங்களுக்கு முன்னாடி நின்னவங்கதான் முடிச்சுட்டாங்களே." ஷமீரா திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினாள். "உங்க கூட வந்தவங்களா அவங்க? இந்தக் காலத்துல யாரும்மா மாஸ்க் போடுறா? போட்டோவுக்குக் கழட்டுங்கன்னு மூணு தடவ சொன்னேன். அப்படியே பாத்துக்கிட்டு நின்னாங்க. பின்னாடி கூட்டம், நானும் விட்டுட்டேன்."

"என்னங்க அவங்க பேரு?"

"அதெல்லாம் சொல்லக் கூடாதும்மா. பாஸ்போர்ட்டைக் குடுங்க."

"எங்க போனாங்க?"

ஷமீரா பேனாவால் கப்பல் பக்கம் காட்டினாள். "ஏறிட்டாங்க. அவங்கதான் இன்னிக்கு முதல் ஆள்."

மேகலா திரும்பிப் பார்த்தாள். தங்கையன் வாசலில் யாருக்கோ வழி சொல்லிக்கொண்டிருந்தார். அவர்களை ஏற்றி வந்த கார் வாசலுக்கு எதிரே இன்னும் நின்றது. ஓடிப் போனால் இரண்டு மணி நேரத்தில் பாபநாசம். நாளைக்குக் காலை ரேஷன் கடை.

மாமி அவள் முழங்கையைப் பற்றினாள். மாமியின் விரல்கள் சில்லிட்டிருந்தன. "திரும்பிடலாம்னா சொல்லு. ஹரிகிட்ட நான் சொல்லிக்கறேன்."

கப்பலின் படிக்கட்டு கீழே இறங்கி நின்றது. மேலே கதவு திறந்திருந்தது. உள்ளே வெளிச்சம் போதவில்லை. யாரோ சற்று ஒதுங்கி, பின்னால் வருகிறவர்களுக்காக நிற்பதுபோலவும் இருந்தது, திரைச்சீலை போலவும் இருந்தது.

"இல்ல மாமி, போவோம்" என்றாள் மேகலா. "மூணு நாள் இருக்கு. யாருக்கு மருந்து வாங்க வந்தீங்கன்னு கேட்டுடறேன்."

பாஸ்போர்ட்டுகளை நீட்டிப் பதிவை முடித்தாள். செங்கல்லை அப்படியே பாதையின் முகப்பில் விட்டுவிட்டு, மாமியின் கையைப் பிடித்துக்கொண்டு, அவள் இரண்டாவது ஆளாகப் படியில் கால் வைத்தாள்.