அரிசி கேட்ட கவாத்து

கலகக்காரர்களின் தலைவனாக என்னைப் போட்டதற்கு என் தொண்டைதான் காரணம், வேறொன்றுமில்லை. அரியலூர் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நின்று நான் ஒருவனை அதட்டினால், ரயிலடியில் நிற்கிறவன் தன்னைத்தான் கூப்பிடுகிறார்களோ என்று திரும்பிப் பார்ப்பான். அந்தத் தொண்டையோடு போலீஸில் சேர்ந்தவனை, வேட்டி கட்டிக்கொண்டு போலீஸுக்கு எதிராகக் கத்து என்றார்கள். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது.

யுத்தம் முடிந்திருந்தது, அரிசிப் பஞ்சம் முடியவில்லை. ரேஷன் கடை எங்கே திறந்தாலும் கூட்டம், தள்ளுமுள்ளு. மண்டை உடையாமல் ஒரு கூட்டத்தைக் கலைக்கப் போலீஸ்காரனுக்குத் தெரியவில்லை என்று மேலிடத்தில் யாருக்கோ தோன்றியிருக்க வேண்டும். அரியலூர், பெரம்பலூர் வட்டாரத்து ஸ்டேஷன்களிலிருந்து எங்களைப் பொறுக்கியெடுத்துப் பெரம்பலூரில் கொண்டுபோய் இறக்கினார்கள். பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரியில் ஓடும் பஸ்ஸில் போனதில் காக்கி டிராயரெல்லாம் கறுப்பாகிப் போனது தனிக் கதை. பாடம் நடத்தத் திருச்சியிலிருந்து ஓர் இன்ஸ்பெக்டர் வந்திருந்தார். ஒல்லியான மனிதர். கெட்ட வார்த்தையே பேசமாட்டார். அதுவே எங்களுக்குக் குழப்பமாக இருந்தது. திட்டு வாங்காமல் கவாத்துப் பழகியவன் எங்களில் ஒருவனும் கிடையாது.

"லத்தி முழங்காலுக்குக் கீழதான் எறங்கணும். தலையில பட்டா அவன் சாவான், உனக்கு வேலை போயிடும்" என்பார். "கூட்டத்தை நாலு பக்கமும் அடைக்காதீங்க. ஓடறதுக்கு ஒரு பக்கம் வழி விடணும். மொதல்ல மாஜிஸ்திரேட் கலைஞ்சு போங்கன்னு சொல்லுவாரு. அப்புறம் துணியில எழுதித் தூக்கிக் காட்டணும். அப்புறம் பிகில் கொம்பு ஊதணும். அதுக்கும் போகலைன்னாத்தான் விசில், தடியடி."

எல்லாம் சரி. கலைப்பதற்கு ஒரு கூட்டம் வேண்டுமே! எங்களில் பாதிப் பேரை வேட்டி கட்டச் சொன்னார். மீதிப் பேர் உடுப்போடு லத்தியைப் பிடித்துக்கொண்டு எதிரே நின்றார்கள். ஸ்டேஷன் ரைட்டர் தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு மாஜிஸ்திரேட் ஆனார். நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம்.

"கும்பல்னா இப்படியா நிக்கும்? கத்துங்கய்யா" என்றார் இன்ஸ்பெக்டர்.

"என்னன்னு சார் கத்தறது?" என்று கேட்டேன்.

நியாயமான கேள்விதான். வந்தே மாதரம் என்றவர்களைப் பிடித்துக்கொண்டுபோய் உள்ளே வைத்தவர்கள் நாங்கள். அதையே நாங்கள் கத்தினால் எங்களை யார் பிடிப்பது? பின்னால் ஒருவன் "சர்க்கார்..." என்று ஆரம்பித்துவிட்டுத் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டான். இன்ஸ்பெக்டரும் யோசித்தார். யார் வேலைக்கும் உலை வைக்காத கோஷம் அவருக்கும் சட்டென்று அகப்படவில்லை.

"அரிசி கேளுங்க. அரிசி கேக்கறதுல தப்பில்ல" என்றார் கடைசியில்.

பிடித்தேன் ஒரு பிடி! "அரிசி போடு! அரிசி போடு!" என்று நான் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிக் கத்தினார்கள். ரைட்டர் துண்டைச் சரிசெய்துகொண்டு கலையச் சொன்னார். துணியைத் தூக்கிக் காட்டினார்கள். பிகில் ஊதியது. விசில் வந்ததும் போலீஸ் பாய, நாங்கள் திறந்த பக்கமாக ஓட்டம் பிடித்தோம். லத்தி எங்கள் காலுக்குப் பக்கத்தில் மண்ணில் விழும். அப்படி விழுந்தால் அடிபட்டதாகக் கணக்கு, படுத்துவிட வேண்டும். பாரக்ஸில் எனக்குப் பக்கத்துக் கட்டில்காரன் ஒருவன், வரதராசன்பேட்டை ஆள், ஒவ்வொரு தடவையும் என்னையே குறிவைத்து வந்து மண்ணில் அடித்து, "அடி வாங்கிட்டே மாப்ளே, படு" என்று காதில் சொல்லிவிட்டுப் போவான். திரும்ப எழுந்து திரும்பக் கத்துவோம். காலை முழுக்க இதே பாடம். போகப் போக விசில் காதில் விழுவதற்கு முன்னாலேயே கால் ஓடத் தயாராக நின்றது.

அன்றைக்குச் சந்தை நாள் என்பதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. நாங்கள் கவாத்துப் பழகிய மைதானத்தின் கள்ளிவேலிக்கு அந்தப் பக்கம்தான் சந்தைக்குப் போகிற பாதை. அடுத்த முறை நான் "அரிசி போடு" என்றபோது, எனக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்குரல் அதை வாங்கிச் சொன்னது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. திரும்பினால், கக்கத்தில் வெறும் சாக்கோடு ஒரு நடுவயதுப் பெண். அவளுக்குப் பின்னால் கூடையும் பையுமாக ஒரு கூட்டம் வேலிச் சந்தில் நுழைந்து வந்துகொண்டிருந்தது.

"வரிசை எங்கேருந்து தம்பி?" என்று கேட்டாள். செட்டிகுளத்துப் பக்கத்திலிருந்து நடந்தே வந்தவளாம்.

"இங்க அரிசி இல்லம்மா. இது கூட்டத்தைக் கலைக்கப் பழகறது."

"கூட்டம் சேர்றதுக்கு முன்னாடியேவா?"

"ஆமாம்மா."

"போ தம்பி. அரிசி இல்லாத எடத்துல எதுக்கு இத்தனை போலீசு நிக்குது?"

ரேஷன் கடை வாசலில் நாள்தோறும் பார்ப்பது அதுதானே. போலீஸ் நின்றால் உள்ளே மூட்டை இருக்கிறது என்று அர்த்தம்.

இன்ஸ்பெக்டர் கவாத்தை நிறுத்தினார். எங்களையெல்லாம் உடனே உடுப்பு மாட்டி வரச் சொன்னார். தலைப்பாகையைச் சரியாகக்கூட வைக்காமல் நான் ஓடிவந்து வரிசையில் நின்றபோது, மைதானத்தில் கூட்டம் இன்னும் பெருகியிருந்தது. இன்ஸ்பெக்டர் கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொல்லிப் பார்த்தார். அரிசி இல்லை, போங்கள் என்றார். யாரும் அசையவில்லை. ரைட்டர் கலைந்து போகச் சொன்னார். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். துணியைத் தூக்கினார்கள். பிகில் ஊதியது. அடப்பாவிகளா, அந்தச் சத்தத்துக்கு ஒரு கிழவர் தரையில் மல்லாந்து படுத்து, "நான் அடிபட்டுட்டேன்!" என்றாரே பார்க்கலாம்! மைதானமே விழுந்து விழுந்து சிரித்தது. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அவர்கள் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார்கள். இந்த லத்தி மண்ணில் அடிக்கிற லத்தி என்று அவர்கள் மனதில் நன்றாகப் பதிந்துவிட்டது.

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. விட்டால் சந்தை முழுவதும் இங்கே வந்துவிடும் என்று அவருக்குப் பயம். வரிசைக்கு முன்னால் நடந்துகொண்டே, "இனிமே பழகறதுக்கு இல்லப்பா, நெசம்" என்றார் மெதுவாக.

நேர் எதிரே அந்தச் சாக்குக்காரி உட்கார்ந்திருந்தாள். என்னை அடையாளம் கண்டு முகமெல்லாம் சிரிப்பு. "இந்த வேஷமும் உனக்கு நல்லாத்தான் இருக்கு தம்பி" என்றாள்.

"அம்மா, எந்திரிச்சுப் போயிடுங்க. இப்ப விழற அடி நெசமான அடி."

"அடி நெசம்னா அரிசியும் நெசந்தான்" என்று சாக்கை விரித்துப்போட்டு இன்னும் நன்றாக உட்கார்ந்தாள்.

முழங்காலுக்குக் கீழே என்றார்களே, உட்கார்ந்திருப்பவளுக்கு முழங்காலுக்குக் கீழே எது? இதைப் பாடத்தில் யாரும் சொல்லவில்லையே. கேட்கலாமென்று இன்ஸ்பெக்டரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் விசிலை வாயில் வைத்துவிட்டிருந்தார்.

விசில் ஊதியது. நான் ஓடினேன். முன்னால் பாய வேண்டியவன், அவள் கையைப் பிடித்துத் தூக்கி இழுத்துக்கொண்டு, கூட்டம் ஓடுவதற்கு விட்டிருந்த பக்கமாக ஓடினேன். யோசித்துச் செய்தேன் என்று சொன்னால் பொய். காலை முழுக்க விசில் கேட்டால் ஓடு என்று பழகிய கால் அது. உடுப்பு மாறியது அதற்குத் தெரியவில்லை. பின்னாலேயே வந்தான் வரதராசன்பேட்டைக்காரன். அவனுக்கும் காலையிலிருந்து பழகிய முதுகு என்னுடையதுதான். இந்தத் தடவை அவன் மண்ணில் அடிக்கவில்லை. என் கெண்டைக்காலில் விழுந்தது பாருங்கள் ஓர் அடி! உயிர் போய் வந்தது. "ஐயோ, அம்மா!" என்று அலறினேன். அந்தத் தொண்டை அன்றைக்குத்தான் உருப்படியாக ஒரு காரியம் செய்தது.

தலைப்பாகை பறக்க ஒரு போலீஸ்காரனே அலறிக்கொண்டு ஓடுவதைக் கூட்டம் பார்த்தது. சிரிப்பு நின்றது. படுத்திருந்த கிழவர் எல்லோருக்கும் முன்னால் எழுந்து ஓடினார். கூடையை இடுக்கிக்கொண்டு மொத்தக் கூட்டமும் திறந்த பக்கமாகப் பிய்த்துக்கொண்டு போனது. என்னைத் தவிர ஓர் ஆளுக்கும் அடி படவில்லை. பின்னாலிருந்து இன்ஸ்பெக்டர், "டேய், நீ எந்தப் பக்கம்டா?" என்று கத்தியது கேட்டது. அவர் வாயிலிருந்து 'டா' வந்தது அதுதான் முதல் தடவை.

ஏரிக்கரை வந்ததும் கால் மடங்கிவிட்டது. உட்கார்ந்தேன். அவள் மூச்சு வாங்கிக்கொண்டு, கையோடு இழுத்துவந்த சாக்குடன் பக்கத்தில் நின்றாள். வீங்கிய காலைக் குனிந்து பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"அப்ப நெசமாவே அரிசி இல்லையா?"

"இல்லம்மா. சத்தியமா இல்ல."

"பின்ன எதுக்குப்பா அவ்வளவு சத்தமாக் கேட்டே?"

"கேக்கச் சொன்னாங்கம்மா."

"யாரு, அந்த ஒல்லி ஐயாவா?"

"ஆமாம்மா."

அவள் சாக்கை உதறிச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"கேக்கச் சொன்னாருன்னா, எங்கயோ இருக்கப்போயித்தானே சொல்லியிருப்பாரு. நீ இரு, காலைத் தேச்சுவிட்டுக்க. வூட்டுல புள்ளைங்க நேத்துலேருந்து பட்டினி. நான் போயி அவருகிட்டயே கேட்டுட்டு வரேன்."

சொல்லிவிட்டு மைதானத்தைப் பார்த்து நடக்கத் தொடங்கினாள். வேண்டாம் அம்மா, போகாதீங்க என்று கூப்பிட வாயைத் திறந்தேன். காலையிலிருந்து கத்தியும் அலறியும் தொண்டை கட்டிப்போயிருந்தது, பக்கத்தில் பேசுகிற சத்தத்துக்கு மேல் வரவில்லை. எழுந்திருக்கப் பார்த்தேன். கால் ஊன்றவில்லை.