தினம் ஒரு படம் அனுப்பும் தளிக்கு, ஒரு ஞாயிறு

இந்த நடு ராத்திரியில் எழுதுவதற்கு மன்னித்துவிடுங்கள். பாதித் தூக்கத்தில் படிப்பவர்கள் காலையில் படித்தாலும் சரி. எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

ஓசூரில் நானும் கணவரும் வெவ்வேறு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. மகளுக்கு ஒன்றேகால் வயது. அவளைப் பார்த்துக்கொண்ட ஆயா நின்றுவிட்டதால், ஆறு வாரமாகத் தளிக்குப் பக்கத்தில் என் நாத்தனார் வீட்டில் இருக்கிறாள். நாத்தனாரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர் தினமும் ஒரு படம் அனுப்புவார். பீன்ஸ் கொடிக்கு நடுவே, முட்டைக்கோஸைக் கட்டிப்பிடித்தபடி, ரோஜாக் கூடைக்குள். வேலை முடிந்து செல்போன் கைக்கு வந்ததும் அதைத்தான் பார்ப்பேன். பார்த்ததும் வயிறு எரியும். எல்லாப் படத்திலும் படம் எடுப்பவரைப் பார்த்து அப்படிச் சிரிக்கிறாள்! போன புதன்கிழமை நடக்கிற படம் வந்தது. பெற்றவள் பார்க்காத முதல் நடை.

ஞாயிறு போய் அந்தச் சிரிப்பை நானே படம் எடுப்பது, என்னைப் பார்த்துச் சிரிக்காவிட்டால் வேலையை விட்டுவிட்டுக் கையோடு கூட்டிவந்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

ஓசூர் பேருந்து நிலையத்தில் 7.40க்கு டவுன் பஸ். பெண்களுக்குக் கட்டணமில்லை. சுமார் 25 கிலோமீட்டர், ஒரு மணி பத்து நிமிடம். கண்டக்டர் கன்னடத்தில் ஏதோ சொல்லிவிட்டு, என் முழியைப் பார்த்து, "முன்னாடி போம்மா, எடம் கெடக்குது" என்றார். தளியில் நல்ல குளிர். அங்கிருந்து மூன்று கிலோமீட்டர் ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய்.

"யாரு வூட்டுக்கும்மா?"

சொன்னேன்.

"ஓ, ஃபோட்டோ பாப்பா வூடா! என் ஆட்டோவுலகூட உக்கார வெச்சு எடுத்தாங்களே."

ஆட்டோக்காரருக்குக்கூட என் பிள்ளையை என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது.

என்னைக் கண்டதும் மகள் அக்காவின் புடவைக்குள் ஒளிந்தாள். செல்போனைத் தூக்கினேன். உடனே சிரித்தாள்! ஜெயித்துவிட்டேன் என்று போனை இறக்கிக் கையை நீட்டினால், சிரிப்பைக் காணோம். மறுபடி தூக்கினேன், சிரித்தாள். தத்தித் தத்தி வந்து, போனைத் தொட்டு, "ம்மா" என்று அதற்கு ஒரு முத்தம் கொடுத்தாள்.

அக்கா வாயில் கை வைத்துக்கொண்டார். "அய்யோ, நாந்தான் கெடுத்துப்புட்டேன் கண்ணு. படம் புடிக்கறப்ப தெனமும் 'அம்மாவப் பாரு, அம்மாவுக்குச் சிரி'ன்னு இந்தப் போனத்தான காட்டுவேன். எனக்கெங்க சிரிக்குது? உம் பேரச் சொன்னாத்தான் சிரிக்குது."

ஆறு வாரச் சிரிப்பும் எனக்குத்தான். நான் பொறாமைப்பட்டது தப்பான ஆள் மேல். இப்போது ஒரு செல்போன் மேல் பொறாமை.

போனைப் பைக்குள் போட்டுவிட்டேன். நாள் முழுக்க ஒரு படமும் எடுக்கவில்லை. நான்கு மணிக்கு என் மடியில் தூங்கிவிட்டாள். அம்மா என்று ஒரு முறையும் கூப்பிடவில்லை. ஆனாலும் அவளை எழுப்பி, தூக்கிக்கொண்டு வரும் தைரியம் வரவில்லை.

போகிறவர்களுக்கு: ஸ்வெட்டர் அவசியம். ஞாயிறு மாலை கூட்டம் அதிகம், ஐந்து மணிக்கே பஸ் ஏறிவிடுங்கள். குழந்தையைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் செல்போனை வெளியே எடுக்காதீர்கள்.

கிளம்பும்போது அக்கா கேட்டார்: "நாளைக்குப் படம் அனுப்பட்டா, வேணாமா?" அனுப்பினால் போன்தான் அம்மா. நிறுத்தினால் அவள் வளர்வதை நான் பார்க்கவே முடியாது. இன்னும் பதில் சொல்லவில்லை. உங்களில் யாராவது பிள்ளையை இப்படி விட்டிருக்கிறீர்களா? என்ன செய்தீர்கள்? தயவுசெய்து சீக்கிரம் பதில் எழுதுங்கள்.