கேட்காத காதுப் பக்கம்

துணியைப் பிரித்துத் தைப்பதுதான் அவள் பிழைப்பு. இறுக்கிப் பிடிக்கிற பேண்ட்டைத் தளர்த்துவாள், தொளதொளவென்று தொங்குகிற சட்டையை அளவாக்குவாள். தெருவுக்கே அவள் தையல்காரி. இடது காது சின்ன வயதிலேயே போய்விட்டது. அதை ஒளித்து வைத்தாளா என்றால், அதுதான் இல்லை. பெண் பார்க்க வந்த அன்றே, "எனக்கு இந்தப் பக்கம் கேக்காதுங்க" என்று தன் வாயாலேயே சொன்னவள் அவள். "அதான் இன்னொண்ணு இருக்கே, போதும்" என்று சிரித்த புண்ணியவதிதான் மாமியாராக வாய்த்தாள்.

அந்தச் சிரிப்பு கல்யாணத்தோடு சரி. அதற்கப்புறம் ஏழு வருஷம், மாமியார் திட்டுவதென்றால் சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்து நின்றுதான் திட்டுவாள். ஒரு சொல்கூட வீணாகிவிடக் கூடாதே! புருஷன் நேர் எதிர். அந்த மகராசன் மனசில் உள்ளதையெல்லாம் இடது பக்கம் நின்று முணுமுணுப்பான். சொன்ன மாதிரியும் ஆச்சு, அவள் காதில் விழாத மாதிரியும் ஆச்சு. இதற்குப் பெயர் ஆம்பளையாம், தூ!

சம்பளம் நாலு காசு ஏறியதும் அவனுக்கு வேறொரு சம்பந்தம் வந்தது. அந்த வீட்டார், "எங்க பொண்ணு இரண்டாம் தாரமாப் போக மாட்டா" என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். மாமியாருக்கு மூளை வேலை செய்தது. ஏழு வருஷம் போட்டுக் கசக்கிய சட்டையை மடித்து, புதுசு என்று விற்கப் பார்த்தாள். விவாகரத்து வேண்டாமாம், கல்யாணமே செல்லாது என்று தீர்ப்பு வேண்டுமாம். காது கேட்காததை மறைத்து ஏமாற்றிக் கட்டிவைத்துவிட்டார்கள், போன மாசம்தான் தெரியவந்தது என்று மகன் பெயரில் வழக்குப் போட்டாள். மகன் கையெழுத்துப் போட்டான். அவனுக்கு வேறென்ன தெரியும்?

தையல்காரியின் வக்கீலம்மா விளக்கிச் சொன்னாள். "விவாகரத்துன்னா, கல்யாணம் நடந்தது நிஜம், இதோட முடிச்சுக்கறோம்னு அர்த்தம். செல்லாதுன்னா, கட்டின அன்னைக்கே கோளாறு இருந்திருக்கணும். ஏமாத்திக் கட்டி வெச்சதும் அதுல ஒண்ணு. ஆனா விஷயம் தெரிஞ்ச பிறகும் சேர்ந்து வாழ்ந்துட்டா, அந்த வழி அடைஞ்சு போச்சு. அவங்களுக்கு முன்னாடியே தெரியும்னு உங்க வீட்டு ஆளுங்க இல்லாம வேற யாராவது சொல்லணுமே, அதுதான் கஷ்டம்."

"யாரு சொல்லுவா? வீட்டுக்குள்ள நாலு சுவருதான் சாட்சி" என்றாள் தையல்காரி. "தைச்சதைப் பிரிக்கலாம்மா. தைக்கவே இல்லைன்னா எப்படி? ஊசி போன தடம் துணியில இருக்குமே! விவாகரத்துன்னா இப்பவே கையெழுத்துப் போடறேன், சனியன் விட்டதுன்னு போறேன். ஏமாத்துக்காரிங்கிற பேரோட மட்டும் போக மாட்டேன்."

நீதிபதியம்மா இரண்டு தரப்பையும் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்தாள். தையல்காரிக்கு இடது கைப் பக்கம் மாமியார், அவளுக்கு அப்பால் புருஷன். மாமியார் நீலிக்கண்ணீர் வடித்தாள். "போன மாசம் வரைக்கும் எங்களுக்கு ஒண்ணுமே தெரியாதும்மா. பாவி, மூடி மறைச்சுட்டா!"

தையல்காரியால் பொறுக்க முடியவில்லை. "ஏன் அத்தை, பொண்ணு பார்க்க வந்தப்பவே நான் சொல்லலை? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க."

அவ்வளவுதான். மாமியார் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். மருமகளின் முதுகுப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போய், வலது பக்கம் நின்று குனிந்து, "என்னடி சொன்னே? யாரைப் பார்த்துடி பொய்க்காரின்னு சொல்றே?" என்று கத்தினாள்.

நீதிபதியம்மா பேனாவைக் கீழே வைத்தாள். "ஏம்மா, இருந்த இடத்துல இருந்தே கேக்கலாமே. எதுக்கு இவ்வளவு தூரம் சுத்தி வந்தீங்க?"

"அந்தப் பக்கம் நின்னு கத்தினா இந்தச் செவிட்டுக்கு எங்கம்மா கேக்கும்? ஏழு வருஷமா இவளைச் சுத்திச் சுத்தியே என் முட்டி தேஞ்சு போச்சு!"

தவளை தன் வாயாலே கெட்டது. அவர்களுடைய வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். புருஷன் தரையைப் பார்த்தான். அதுதான் அவனுக்குக் கைவந்த கலை.

"அப்போ ஏழு வருஷமா தெரிஞ்சேதான் குடும்பம் நடத்தியிருக்கீங்க" என்றாள் நீதிபதியம்மா. "இந்தக் கல்யாணம் செல்லாதுன்னு சொல்ல இடமே இல்ல. பிரியணும்னா முறையா விவாகரத்து கேளுங்க." கொஞ்ச நாளில் இருவரும் சம்மதித்து அதையே வாங்கிக்கொண்டார்கள். அந்தப் புது சம்பந்தம் அதற்கு முன்பே கைகழுவிவிட்டது.

விவாகரத்துத் தீர்ப்பு வந்த அன்று, கோர்ட்டு வராந்தாவில் புருஷன் மெல்ல அவள் பக்கத்தில் வந்து நின்று ஏதோ முணுமுணுத்தான். மன்னிப்போ மண்ணாங்கட்டியோ, யார் கண்டது? வந்து நின்றது இடது பக்கம்.

தையல்காரி திரும்பி அவனை மேலும் கீழும் பார்த்து, வலது காதைத் தொட்டுக் காட்டினாள். "உங்க அம்மாவாவது என்கிட்ட பேசணும்னா இந்தப் பக்கம் வந்தாங்க" என்று சொல்லிவிட்டு, கடையைத் திறக்கப் போய்விட்டாள்.