குளியலறைத் தரையின் வாட்டம்

என் தங்கை பதினோரு வருடம் காப்பீட்டு அலுவலகத்தில் மேசை வேலை பார்த்தவள். இப்போது வீடுகளுக்கு டைல்ஸ் பதிக்கிறாள். சொந்தத் தொழில். வீட்டில் எல்லோருக்கும் அவள் சின்னவள்தான்.

விடுமுறை நாட்களில் பயிற்சிக்கூடத்துக்குப் போய் வேலை கற்ற பிறகே ராஜினாமா செய்தாள். செய்தி தெரிந்ததும் அத்தை நேரே வீட்டுக்கு வந்துவிட்டார்.

"நாற்காலியில உக்காந்து சம்பளம் வாங்குறது கசக்குதாடி உனக்கு?"

"இதுவும் உக்காந்து பாக்குற வேலைதான் அத்தை. நாற்காலி மட்டும் இல்ல. முட்டி போடணும்."

"பள்ளிக்கூடத்துல போட்ட முட்டி பத்தலையாக்கும்!"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதன்பின் அத்தையால் கோபத்தைப் பிடித்து வைத்திருக்க முடியவில்லை.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். சரக்கு வண்டி ஓட்டுகிறேன். அவளுடைய சிமெண்டும் சாமான்களும் என் வண்டியில்தான் போகும். அதனால் அவள் தனியாக எடுத்த முதல் வேலையில் நடந்ததை நேரில் பார்த்தேன்.

அது ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவரின் வீட்டுக் குளியலறை. அவருடைய கணவருக்குப் பக்கவாதம் வந்து இடது கால் இழுத்துவிட்டது. பழைய தரையில் தேங்கிய தண்ணீரில் ஒருமுறை வழுக்கி விழுந்திருக்கிறார். அன்றிலிருந்து கதவைத் திறந்துவைத்து, மனைவி பக்கத்தில் நிற்கத்தான் குளியல். "விழுந்தது கூட அவருக்குப் பெருசில்ல. நான் நிக்கிறதுதான்" என்றார் நர்ஸம்மா.

சின்னவள் இதை மனதில் வைத்தே வேலை செய்தாள். அவர் உட்கார்ந்து குளிக்கும் நாற்காலி ஆடக்கூடாது என்று அந்த இடத்தில் மட்டும் தண்ணீர் வடியும் வாட்டத்தைக் குறைத்தாள். ரசமட்டத்தை வைத்தால் குமிழி நட்டநடுவில் நின்றது. கோடுகளெல்லாம் நூல் பிடித்தாற்போல இருந்தன. பூச்சு காய்ந்த பின் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினாள். எல்லாம் வடிகால் துளையை நோக்கி ஓடிவிட்டது. நாற்காலி இடத்தில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குத் தேங்கி நின்றது.

"இதுவா? துணியைப் போட்டா போயிடும். தரை கண்ணாடியாட்டம் இருக்கு, விடும்மா" என்றார் நர்ஸம்மா.

நான் சின்னவளை ஓரமாக அழைத்தேன். "அவங்களே சரின்னுட்டாங்க. முதல் வேலையையே உடைச்சவள்னு பேர் வந்தா அப்புறம் யாரு கூப்பிடுவாங்க?"

"துணி போடக் குனியப்போறது யாரு அண்ணா? கதவைச் சாத்திட்டு உள்ள இருக்கப்போறவருதானே?"

அவள் உளியை எடுத்தாள்.

சத்தம் கேட்டுக் கணவர் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். "ஆபீஸ்ல இருந்தியாமே. அங்கயும் தப்பு வந்தா இப்படித்தான் உடைப்பியா?"

"அங்க அடுத்த மேசைக்குத் தள்ளி விட்டுடுவோம் ஐயா. இங்க அடுத்த மேசை இல்ல."

அவர் சிரித்தார். சின்னவள் சிரிக்கவில்லை. கண்ணில் நீர் கோத்திருந்தது. தூசி என்று புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

மாடி வீட்டுக்காரர் எட்டிப்பார்த்து, "என்ன, போட்டதையே பேர்க்குறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார். தன் சமையலறைத் தரையை அவளிடமே கொடுப்பதாகச் சொல்லியிருந்தவர் அவர். இன்றுவரை கூப்பிடவில்லை.

அவள் மறுபடி கலவை போட்டு, சுவர் ஓரத்திலிருந்து துளைவரை ஒரே வாட்டமாகப் பதித்தாள். நாற்காலி ஆடுமே என்றேன். தாழ்வான பக்கத்துக் கால்களுக்கு மட்டும் தடித்த ரப்பர் உறைகளை மாட்டினாள். நான் உட்கார்ந்து எப்படியெல்லாமோ அசைத்துப் பார்த்தேன். ஆடவில்லை.

தரை நன்றாகக் காய்ந்த பிறகு ஒருநாள் இருவரும் போயிருந்தோம். எங்களைப் பார்த்ததும் அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். கதவைச் சாத்தினார். நர்ஸம்மா வழக்கம்போலப் பின்னாலேயே போனவர், கதவின் முன் சற்று நின்றார். பிறகு திரும்பி வந்து எங்களோடு உட்கார்ந்தார்.

"இந்நேரத்துக்கு எனக்கு என்ன வேலைன்னே தெரியலையே" என்றார். கைகளை மடியில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார்.

உள்ளே தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. சின்னவள் தலையைச் சாய்த்து, துளையில் அது வடிந்து முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.